குதிரை நிலை

"எங்க பசங்க ஒன்றரை மணி நேரமா குதிரை நிலையில நிக்கறாங்க சார். இந்நேரம் வேரே விட்டிருக்கும்!"

டேக்வாண்டோ சங்கச் செயலாளர் சிரித்த சிரிப்பில் அலமாரிக் கோப்பைகளெல்லாம் அதிர்ந்தன.

"கால் மணி நேரத்துலயே எனக்குத் தொடை நடுங்கும். யார்கிட்ட கதை விடற?"

உதவிப் பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. ஒழுக்கம் பத்தாது என்று அவர்கள் குழுவைப் போட்டியிலிருந்து நீக்கியவர் இவர்தான். இன்றைக்குள் இவர் மனம் மாறினால்தான் உண்டு.

"நான் லேட்டு. மாஸ்டர் 'தயார்' சொன்னப்புறம் யாரையும் உள்ள விடமாட்டார். ஜன்னல் வழியா பசங்க முகத்தையே பாத்துட்டிருந்தேன். மாஸ்டர் 'போதும்'னு சொல்ற வரைக்கும் ஒருத்தனும் திரும்பக்கூட மாட்டான். கூரை இடிஞ்சா தலையில தாங்கிட்டு நிப்பாங்க! நீங்க சங்கத்து ஆளு, உள்ள போலாம். வந்து பாருங்க."

வந்து பார்த்தார். முன்சுவர்க் கொடியைப் பார்த்தபடி, கால் அகட்டி, முட்டி மடக்கி, மாணவர்கள் சிலையாய் நின்றிருந்தார்கள். காலடியில் வியர்வை குளம் கட்டியிருந்தது. ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள். ஆனாலும் நிமிரவில்லை.

அவர்களுக்குப் பின்னால், வழக்கமான நாற்காலியில் மாஸ்டர்.

"சொன்னேன்ல?" உதவிப் பயிற்சியாளர் வாசலிலேயே நின்று கிசுகிசுத்தார்.

செயலாளர் பகையை மறந்து மாஸ்டருக்குக் குனிந்து வணங்கினார். பதில் வணக்கம் இல்லை. கையைத் தொட்டவர் முகம் வெளிறியது.

"சில்லிட்டுக் கிடக்குப்பா..." என்றார். "ஒத்துக்கறேன். ஒன்றரை மணி நேரம் நின்னுதான் இருக்காங்க."