தீபாவளிக்கு முந்திய அரை மணி நேரம்

வெம்பிளியில் பலகாரக் கடை நடத்தும் நிரோஜினி, கைபேசியில் அக்காவிடம் பெருமையடித்தாள்.

"போன தீபாவளிக்கு ஓர்டர் பிந்தி, சனம் ஏசிப்போட்டுப் போனது. இந்த முறை தலைமைத்துவ வகுப்பில சொன்னபடி, எவ்வளவு வேலையெண்டாலும் நாளுக்கு ஒரு வேலையாளைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் மனக்குறை கேக்கிறன். எல்லாம் நேரத்துக்கு முடியுது!"

அன்று சமையல்காரன் தவசீலனின் முறை. அவன் முழங்கால் வலியைச் சொல்லச் சொல்ல, அவளுக்குக் கண் கலங்கியது.

நொண்டிக்கொண்டே சமையலறைக்குத் திரும்பியவன், கதவைச் சாத்தியதும் நேராக நடந்தான்.

"அரியதரம் முழுக்கப் பொரிச்சாச்சோ?"

"ஓம் அண்ணை," என்றாள் அடுப்படியில் நின்ற சுகிர்தா. "முதலாளியம்மா வந்து நிண்டு ஒவ்வொண்டுக்கும் பிழை பிடிக்காட்டி, வேலை பறக்குது."

"சரி. நாளைக்கு ஆருக்கு மனக்குறை?"