கதவோரத் தட்டு

“இந்தக் குப்பிகளை யாரு இங்க கொண்டாந்து வச்சது?”

சோதனைக்கூட மேடம் கேட்டபோது அவர் வாயிலிருந்து வந்த புகை மெல்ல எழுந்து, குளிர் அறையின் விளக்கைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்று, மனசில்லாமல் கலைந்தது.

“நான்தான் மேடம்,” என்றார் பனிக்கரடி.

குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருஷமாக அதே தடித்த கோட்டு.

அறைக்குள் இருப்பது கோமாரி வைரஸ். மாட்டுத் தடுப்பூசிக்காக ரசாயனம் கலந்து கொன்றது. செத்தாலும் உருவம் குலையக் கூடாது. முழுசாக இருந்தால்தான் ஊசி போட்ட மாட்டின் உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். குலைந்துவிட்டால் ஊசியில் இருப்பது வெறும் தண்ணீர். அதற்குத்தான் இந்தக் குளிர். விசிறியின் ஒரே சுருதியைக் கேட்டபடி, உயிரில்லாத கோடி உருண்டைகள் கனவு காண்பதுபோல் கிடந்தன.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேடம் ஒரு மாதிரிக் குப்பியைத் திறந்து, எவ்வளவு குலையாமல் இருக்கிறதென்று பார்ப்பார். அதை நம்பித்தான் மொத்தச் சரக்கும் வெளியே போகும்.

போன தடவை நூற்றுக்குத் தொண்ணூறு. இன்றைக்கு நாற்பத்தொன்று.

மானேஜர் கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தார்.

“மாதிரிக்குன்னு உள்ள, விசிறிக்கு நேர் கீழ தனித் தட்டு இருக்கு. அதை விட்டுட்டுக் கதவோரத்துல வச்சிருக்கீங்களே, ஒரு நாளைக்கு நாப்பது தடவை திறக்கிற கதவுய்யா இது!”

“ஆமா சார். ஒவ்வொரு தடவையும் வெயில் உள்ள எட்டிப் பாத்துட்டுப் போகும்.”

“கதை அளக்காதீங்க. எப்ப மாத்தினீங்க?”

“போன சோதனை முடிஞ்ச அன்னிக்கே.”

“கரடி தூக்கக் கலக்கத்துல மாத்திருச்சு போல,” என்று வாசலில் யாரோ சிரித்தார்கள்.

மானேஜர் சிரிக்கவில்லை. “நாளன்னிக்கு சரக்கு கிளம்பணும். அதைக் கெடுத்தாச்சு. ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு, பென்ஷனோட மரியாதையா போயிருக்கலாம். கோட்டைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்புங்க.”

பனிக்கரடி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் அத்தனை மெதுவாக.

மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. “வீட்ல என்னண்ணே சொல்வீங்க? உள்தட்டுல இடமில்லைன்னாவது சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்.”

“இடம் நிறைய இருக்கு மேடம். கதவோரம் சூடாகுதுன்னு சார்கிட்ட மூணு தடவை சொன்னேன். ‘சோதனையில தொண்ணூறு வருதே, அப்புறம் என்ன?’ன்னாரு.”

மானேஜர் எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

பனிக்கரடி கோட்டை மடித்து மேடத்தின் கையில் கொடுத்தார்.

“ஏத்தி இறக்க வசதியா இருக்கட்டும்னு, மாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு அத்தனையையும் ஒன்பது மாசமா இந்தக் கதவோரத் தட்டுலதான் மேடம் வச்சிருக்காங்க.”