வீராயியின் சேலை

ஐம்பது வருடமாக மாடு வளர்க்கும் சடையாண்டி, பல்லைப் பிடித்துப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். ஆனால் கறப்பது மட்டும் அவர் மனைவி வீராயிதான். அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை சொம்போடு உட்கார்ந்தார். செவலைப் பசு பாலை அடக்கிக்கொண்டது. கன்றை ஊட்டவிட்டும் பயனில்லை. கடைசியில் வீராயியின் பழைய சேலையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். பசு அதை முகர்ந்து நக்கியது. பாலை மட்டும் விடவில்லை.

பக்கத்து வீட்டு ராக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"மதினி பேசிக்கிட்டேதானண்ணே கறக்கும். நீங்களும் பேசிப் பாருங்க."

"என்னத்தப் பேசுவா?"

ராக்கு தயங்கினாள். "உங்களத்தான் வஞ்சுக்கிட்டே இருக்கும்."

தொழுவத்திலிருந்து தினமும் அந்த வசவு முணுமுணுப்பாகக் கேட்கத்தான் செய்தது. அவர் ஒருநாளும் காது கொடுத்ததில்லை.

சடையாண்டி மடியைத் தடவியபடி தொண்டையைச் செருமினார்.

"மாட்டுக்கு ஒண்ணுன்னா இந்த மனுசன் ராத்திரியோட ராத்திரியா டாக்டரக் கூட்டியாந்துருவாரு," என்று அவளைப் போலவே தொடங்கினார். "எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வாரமாச் சொன்னேன்..."

சொம்பில் சர்ரென்று பால் இறங்கியது.

பேச்சு நின்றதும் பாலும் நின்றது. செவலை திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது.