பதினோராம் எண் யானை

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரைப் பார்த்தாள்.

அவர் திரையிலிருந்த யானையின் வயிற்றைப் பேனாவால் தட்டிக்கொண்டிருந்தார்.

“இது நிறைமாசம். அதான் மன அழுத்த ஹார்மோன் இவ்வளவு ஏறியிருக்கு. விளக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

பதினோரு யானைகள். இரண்டு கோடை. ஹார்மோன் அளக்க, லத்தி விழுந்த சூடு ஆறுமுன் ஓடிப்போய் அள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து, எந்த யானையுடையது என்று எழுதியவள் அவள். உண்ணி கடித்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

அவர் காட்டுக்கு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் சொகுசு விடுதியின் பால்கனியில் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்தார். தங்க வருகிறவர்கள் யானை பார்ப்பதற்காக விடுதிக்காரன் குட்டைக்கரையில் நட்ட விளக்குகளை அழகு என்றார்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காத மனிதர்.

அந்த விளக்குகள் வந்தபிறகு யானைகள் அரைவயிறு தண்ணீரோடு திரும்பி ஓடின. சினைப்பட்டது, படாதது, எல்லாவற்றுக்கும் அளவு ஏறியிருந்தது. விளக்குகளைப் பிடுங்குவதா வேண்டாமா என்று நாளைக் காலை ஆட்சியரின் குழு முடிவு செய்யும்.

இந்த அறிக்கையை வைத்துத்தான்.

சினை யானைக்கு ஹார்மோன் ஏறும். அது உண்மை. பாதி உண்மையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பொய்யர் என்றுகூடச் சொல்ல முடிவதில்லை.

ஆனால், எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியிருந்த, திரையில் நின்ற இந்தப் பதினோராம் எண் யானை மக்னா.

தந்தமில்லாத ஆண். மதம் பிடிக்கும் காலமும் அல்ல.

அட்டவணையில் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டமே இருந்தது. அவர் அட்டவணை படிப்பதில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

“நீ சாணி அள்ளினது போதும்மா. முடிவை நான் பாத்துக்கறேன்.”

விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டாள்.

அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். ‘பதினோராம் எண் யானை நிறைமாதச் சினை. ஆகவே…’ ஓர் எழுத்தும் விடவில்லை. பயம் வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. நான்கு வருடமாக இந்த ஆளுக்கா பயந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

“உங்க பேரே போதும் சார்.”

அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. அறிக்கையின் அட்டைக்கு நல்ல படமாகப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

நல்ல படங்கள் நிறைய இருந்தன. மூடுபனிக்குள் நின்ற கூட்டம். தாயின் காலிடுக்கில் குட்டி.

அவள் பதினோராம் எண் யானையின் படத்தை எடுத்தாள்.

குட்டையோரம் பக்கவாட்டில் நின்று, அவசரமே இல்லாமல், அது மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல யாரும் முனைவர் பட்டம் வாங்கியிருக்க வேண்டாம்.

கீழே யானையின் எண்ணை எழுதினாள். அதற்கும் கீழே அவருடைய பெயரை, பட்டங்களோடு.

பிறகு படத்தைப் பக்கம் முழுவதற்கும் பெரிதாக்கினாள்.