குறைக்க வேண்டிய சத்தம்

தகரத் தகட்டை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி, விளக்குகள் அத்தனையும் எரியும் அரங்கின் நடுமேடையில் நின்றுகொண்டிருந்தார் இடிக்காரர்.

இருபத்திரண்டு ஆண்டுகள் நாடகத் திரைக்குப் பின்னால் நின்று இடி இடித்தவர், துப்பாக்கி வெடிக்கவைத்தவர், கண்ணாடி நொறுக்கியவர். முகம் காட்டாமலேயே ஆயிரம் பேரை ஒரே நொடியில் இருக்கையைவிட்டுத் துள்ள வைத்தவர். அதனால்தான் குழுவில் அவருக்கு அந்தப் பெயர்.

இன்று அதே கருவிகளை மேசைமேல் கடைபரப்பி வைத்துக்கொண்டு, இதுதான் இடி, பயப்படாதீர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஏற்பாடு புதிய இயக்குநருடையது. திடீர்ச் சத்தத்துக்கு அஞ்சி நாடகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக மாதம் ஒரு பகல் காட்சி. திரை விலகும் முன் ஒவ்வொரு சத்தத்தையும் செய்துகாட்ட வேண்டும். தாங்காது என்பவர்கள் கை தூக்கலாம். ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது. ஒரே ஒரு கை எழுந்தாலும் அந்தச் சத்தம் அன்றைக்குக் குறைக்கப்படும்.

ஒத்திகையில் இதைக் கேட்டதும் அவர் முறைத்தார். அவரைவிடப் பதினைந்து வயது இளையவளான இயக்குநர் அசரவில்லை.

"சத்தம் உங்களுது அண்ணே. காது அவங்களுது."

அச்சம் என்பது வளர்த்தால் வளரும், மிதித்தால் மடியும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு காரியம் செய்தார். மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துவந்து மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார். இயக்குநரிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு கையும் தூக்காத அந்த இரண்டு பேரும் என் வீட்டார் என்று அறிமுகப்படுத்துவதாகத் திட்டம்.

அவருக்கு நம்பிக்கை இருந்தது. சத்தத்திலேயே பிழைப்பவருக்கு வீட்டிலாவது அமைதி வேண்டாமா? அந்த வீட்டில் அமைதி உண்டு. பாத்திரத்தில் கரண்டி படும் ஒலிகூட எழாது. அதில் அவருக்குப் பெருமை.

தகட்டை உலுக்கினார். இடி உருண்டது. பன்னிரண்டு கைகள் எழுந்தன. ஆறடி உயர லாரி ஓட்டுநர் ஒருவர் இரு கைகளையும் தூக்கினார்.

"டயர் வெடிச்சாலே ஸ்டியரிங்கை விட்டுட்டுக் காதைப் பொத்துற ஆளுங்க நானு."

அரங்கு சிரித்தது. ஓட்டுநரும் சேர்ந்து சிரித்தார். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் இதைச் சொல்கிறானே என்று இடிக்காரருக்குத்தான் கூசியது.

துப்பாக்கி வெடித்தது. இருபது கைகள்.

கண்ணாடி நொறுங்கியது. ஒன்பது கைகள்.

மூன்றாம் வரிசையில் நான்கு கைகளும் மடியைவிட்டு அசையவில்லை. இடிக்காரரின் முதுகு நிமிர்ந்தது.

இயக்குநர் தாளைப் பார்த்தாள். "அடுத்தது, ரெண்டாவது காட்சியில வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு திரும்பி வர்றது."

"அதுல என்னம்மா இருக்கு? அதெல்லாம் ஒரு சத்தமா?"

"பட்டியல்ல இருக்கே அண்ணே. எல்லாம்னா எல்லாம்தான்."

மேடையோரத்தில் சத்தம் எழுப்புவதற்கென்றே செய்துவைத்திருந்த முழங்கால் உயரக் கதவின் முன் அவர் மண்டியிட்டார். அந்தக் கதவுக்கு மெய்யான பூட்டு உண்டு. அதன் முன் இரண்டு படிகள் கொண்ட பலகை உண்டு. தம்முடைய பழைய செருப்புகளைக் கைகளில் மாட்டிக்கொண்டார். எவருடைய நடையையும் படித்து அவர் இதைச் செய்ததில்லை. தம் நடைதான் கைக்கு எளிதாக வந்தது.

ஒரு படி. இன்னொரு படி. சற்றே ஒரு நிறுத்தம்.

ஒரு செருப்பை உதறிவிட்டுச் சாவியைத் துளையில் விட்டார். திருப்பினார். பூட்டு ஒரு முறை சொடுக்கியது.

அவ்வளவுதான். கடைசி வரிசைக்கு எட்டியதோ என்னவோ. ஓட்டுநர் காதிலிருந்த விரல்களை எடுத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கையும் எழவில்லை. இயக்குநர் தாளைப் புரட்டப் போனாள்.

மூன்றாம் வரிசையில் ஒரு சின்னக் கை எழுந்தது.

தாய் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பற்றிக் கீழே இழுத்தாள். இழுத்த கையோடு மேடையை நோக்கினாள். வீட்டில் எந்நேரமும் குனிந்தே இருக்கும் முகத்தை, இவ்வளவு வெளிச்சத்தில், நேருக்கு நேராக, இடிக்காரர் அன்றுதான் பார்த்தார். அதில் கோபம் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று அளந்துகொண்டிருக்கும் கண்கள் மட்டும் இருந்தன.

ஒரு கையில் இன்னும் செருப்போடு, மண்டியிட்டபடியே அவர் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயின் பிடி மெல்லத் தளர்ந்தது. சின்னக் கை மறுபடியும் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கையும் எழுந்தது, வளையல்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்காதபடி மறு கையால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே.

இயக்குநர் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணிக் குறித்துக்கொண்டாள். பிறகு மேடையோரத்துக்கு வந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"ரெண்டு கை இருக்கு அண்ணே. இதைக் குறைச்சுக்க முடியுமா உங்களால?"