கவுன்சிலர் வீட்டுத் தொட்டி

கவுன்சிலர் சின்னதுரை வீட்டு வாசல் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள் இசைவாணி. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் திண்டிவனத்தில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு ஒழிக்கும் ஒப்பந்த வேலைக்காரிகள். நேற்று வரைக்கும். இன்று காலை மருந்து, டார்ச், அடையாள அட்டை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

போன மழைக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள் டெங்குவில் போனபோது அதிகாரிகளின் கார்கள் வரிசைகட்டி வந்தன. நிதி வந்தது, இவர்களுக்கு வேலையும் வந்தது. அமலாவின் மகளும் விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள்தான். தாயும் மகளும் இருக்கும் வீடு இதே கவுன்சிலர் வீட்டுக்குப் பின்தெருவில். அந்த ஆத்திரத்திலேயே அமலா ஒரு தொட்டி விடாமல் ஏறி இறங்கினாள். இந்த மழைக்கு ஒரு வீட்டிலும் காய்ச்சல் இல்லை.

அதுதான் தப்பாகப் போயிற்று. "காய்ச்சலே இல்லாத ஊருல கொசு ஒழிக்க எதுக்குய்யா ஆளு?" என்று நகராட்சிக் கூட்டத்தில் கேட்டவர் இந்தச் சின்னதுரைதான். அந்த நிதி இப்போது ரவுண்டானாவில் கலர் விளக்கு போட்ட நீரூற்றாக நிற்கிறது. கட்சித் தலைவர் பிறந்தநாளுக்குத் திறப்பு விழாவாம். நினைத்தாலே அமலாவுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

"வேலை போயும் மருந்து ஊத்த வந்துட்டியே, தங்கமான பொண்ணும்மா நீ" என்றாள் கவுன்சிலர் மனைவி கிருஷ்ணவேணி.

"தொட்டி மூடிய மட்டும் சாத்தாதீங்கம்மா. ஒரு வாரம் அப்படியே தொறந்து கெடக்கட்டும்."

வெளியே வந்தவளின் கையை அமலா பிடித்து இழுத்தாள். "மானம் ரோஷம் இருக்காடி உனக்கு? நம்ம சோத்துல மண்ணப் போட்டவன் வூட்டுக்கே ஊழியம் பண்ணிக்கினு வர்றியே!"

"கத்தாதக்கா. வேற வேலை எதுவும் தேடாத. ஜல்தியா நம்மளத் திரும்பக் கூப்புடுவாங்க, பாரு."

"எப்படிடி கூப்புடுவாங்க? மருந்து ஊத்தி ஊத்தித்தான நம்ம பொழப்பே போச்சு! இன்னைக்கும் போய் ஊத்திட்டு வர்ற."

இசைவாணி காலி பாட்டிலைப் பைக்குள் திணித்தாள்.

"மருந்தத்தான் காலையிலயே புடுங்கிக்கினாங்களேக்கா. நான் ஊத்தினது புழு."