வீரமுத்துவின் பிடி

“எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இப்படிக் கெடயாது டாக்டர். எல்லாம் இவ பொறந்த வூட்டுச் சீக்கு.”

மாட்டுத் தரகர் வீரமுத்து சொன்னதும், மனைவி அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் ரம்யாவுக்குக் கையில் பிடித்த எதையும் சட்டென்று விட முடிவதில்லை. விரல்கள் மெதுவாகத்தான் விரிகின்றன.

கள்ளக்குறிச்சி டாக்டர் விளக்கினார். “மரபணுவுல ஒரே வரி திரும்பத் திரும்ப வருது. அம்மாவோ அப்பாவோ, ஒருத்தர்கிட்டயிருந்து எறங்குனா போதும். எறங்கும்போது அந்த வரிசை இன்னும் நீண்டுடும். அதனால புள்ளைங்களுக்குச் சின்ன வயசுலயே, ஜாஸ்தியா காட்டும். எங்க, நீங்க கை குடுங்க.”

குலுக்கிய டாக்டரின் கை, வீரமுத்துவின் பிடியில் மாட்டிக்கொண்டது.

“தொழில் கைங்க!” என்று சிரித்தார் வீரமுத்து. “சந்தையில கை மேல துண்டப் போட்டு மூடி, வெரலப் புடிச்சுதான் வெல பேசுவோம். நான் வுடாம புடிச்சா, பிடிவாதக்காரன்னு நெனச்சு எதிராளியே எறங்கி வந்துடுவான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. வீரமுத்துவின் சிரிப்பும் அடங்கியது.

அமிர்தம் எழுந்து வந்து, பழகிய வேலை போல அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

“ரம்யாவும் ஒங்கள மாதிரியே டம்ளர வுட முடியாம நின்ன அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன்டி பழிய நீ வாங்கிக்கின?”

“பொண்ணு அழுவுறதத் தாங்கிக்குவேன். கூட நீங்களும் அழுதா, நான் யார மொதல்ல தேத்துறதுங்க?”